கடைசியாகப் பந்து கிடைக்கும் சிறுமிக்காக எழுதிய விதிகள்

சிறுமியருக்கான பொழுதுபோக்குக் கூடைப்பந்து லீக் ஒன்றுக்கு விதிகள் எழுதும் பொறுப்பை ஏற்றபோது என் மேசையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதிப்புத்தகம். மற்றொன்று, முந்தைய பருவத்தின் ஸ்கோர் ஷீட்டுகள். விதிப்புத்தகத்தில் குழப்பம் எதுவும் இல்லை. ஸ்கோர் ஷீட்டுகள்தாம் என்னைத் தூங்கவிடவில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் அணியின் புள்ளிகளில் பாதிக்கு மேல் ஒரே சிறுமியின் பெயரில் இருந்தது. சில பெயர்களுக்கு எதிரே பருவம் முழுவதும் வெறும் கட்டங்கள். புள்ளியும் இல்லை, ஃபவுலும் இல்லை. ஒரு ஃபவுல்கூட இல்லையென்றால், அந்தப் பிள்ளை ஆட்டத்துக்குள் வரவே இல்லை என்று பொருள். அப்படிப்பட்டவர்களில் பலர் மறுமுறை பெயர் கொடுக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு விதியையும் எழுதும்போது ஒரே கேள்வியை வைத்துக்கொண்டேன்: அணியில் மிகக் குறைவாக ஆடத் தெரிந்த பிள்ளைக்கு இது என்ன செய்யும்? திறமையான பிள்ளைக்கு எந்த விதியிலும் வழி கிடைத்துவிடும். மற்றவளுக்கு விதிதான் வழி.

முதலில் எளிதானவை. 8–9, 10–11, 12–14 என்று மூன்று வயதுப் பிரிவுகள். வளையத்தின் முழு உயரம் 3.05 மீட்டர், அதாவது 10 அடி. அதை எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்தால் பந்தை இடுப்பிலிருந்து இரு கைகளாலும் வீசத்தான் கற்றுக்கொள்வாள். அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமும் அந்நாட்டின் தொழில்முறை லீக்கான என்பிஏவும் சேர்ந்து வெளியிட்ட இளையோர் வழிகாட்டி 7–8 வயதுக்கு 8 அடி, 9–11 வயதுக்கு 9 அடி, 12 வயதிலிருந்து 10 அடி என்கிறது. ஃபிபாவின் மினி கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டரில் இருக்கும். நாங்கள் 8, 9, 10 அடி என்று ஏற்றினோம். பந்தில், சிறிய இரண்டு பிரிவுகளுக்கு 5ஆம் அளவு. 12 வயதிலிருந்து 6ஆம் அளவு. உலகெங்கும் பெண்கள் ஆடும் பந்து அதுதான், சுற்றளவு ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். ஆண்களின் 7ஆம் அளவுப் பந்துகள் அலமாரியில் நிறைய இருக்கின்றன என்பதற்காக அவற்றை எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை எழுத்திலேயே தடுத்தேன். உயரமும் அளவும் சரியாக இருந்தால் பாதிப் பயிற்சி தானாக நடக்கும் என்று நம்புகிறேன்.

ஆடும் நேரம்தான் உண்மையான சண்டை. 'எல்லாரும் ஏறக்குறைய சமமாக ஆட வேண்டும்' என்ற பழைய வரி நல்ல மனத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனால் அதை யாராலும் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாத விதி, ஆட்டம் இறுகும்போது மறைந்துவிடும். அதற்குப் பதிலாக ஆட்டத்தையே துண்டு போட்டோம். நான்கு கால்பகுதிகள், ஒவ்வொன்றும் 8 நிமிடம். ஒவ்வொரு கால்பகுதியின் நடுவிலும் கடிகாரம் நிற்கும், ஐந்து பேரும் மாறலாம். ஆக, ஒரு ஆட்டத்தில் 8 சுற்றுகள். சுற்றுக்கு ஐந்து பேர் என்றால் 40 இடங்கள். எட்டுப் பேர் வந்திருந்தால் ஆளுக்கு ஐந்து சுற்று. பத்துப் பேர் என்றால் நான்கு. ஒன்பது பேர் வந்தால் ஆளுக்கு நான்கு போக நான்கு இடங்கள் மிஞ்சும். அந்தக் கூடுதல் சுற்று யாருக்குக் கிடைத்தது என்று குறித்துவைத்து, அடுத்த ஆட்டத்தில் மற்றவர்களுக்குத் தர வேண்டும். யாரும் தொடர்ந்து இரண்டு சுற்று உட்காரக் கூடாது. யாராவது அடிபட்டு வெளியேறினால், அதுவரை குறைவான சுற்று ஆடியவள் உள்ளே போவாள். எந்தச் சுற்றில் யார் ஆடுவார்கள் என்று எழுதிய சுற்றுத்தாளை, முதல் பாதிக்கானதை ஆட்டத்துக்கு முன்பும், இரண்டாம் பாதிக்கானதை இடைவேளையிலும் ஸ்கோரர் மேசையில் கொடுத்துவிட வேண்டும். கடைசிச் சுற்றில் யார் ஆடுவது என்பது மட்டும் பயிற்சியாளர் விருப்பம், மற்ற கணக்குகள் சரியாக இருந்தால்.

பயிற்சியாளர்கள் கூட்டத்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு. நெடுங்காலமாகப் பயிற்சி தரும் ஒருவர் எழுந்து, "ஆட்டத்தின் போக்கைப் பார்த்து ஆளை மாற்றுவதுதானே பயிற்சியாளர் வேலை? அதையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் நாங்கள் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஸ்கோர் ஷீட்டுகளை எடுத்துக்காட்டினேன், பெயர்களை மறைத்து. அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்த்த பிறகு அவர் வேறொன்று சொன்னார். "சுற்றைச் சமமாகக் கொடுத்துவிட்டால் மட்டும் இது மாறாது. அந்தப் பிள்ளையை மூலையில் நிற்கச் சொல்லிவிடுவார்கள். நான்கு நிமிடமும் பந்து அந்தப் பக்கமே போகாது." அவர் சொன்னது முழு உண்மை. என் வரைவில் இல்லாத மிக நல்ல விதி அந்த எதிர்ப்பிலிருந்து பிறந்தது: 8–9 பிரிவில், தற்காப்புப் பாதியிலிருந்து பந்தை முன்னே கொண்டுவருபவள் சுற்றுக்குச் சுற்று மாற வேண்டும். எல்லாரும் ஒருமுறையாவது அந்தப் பொறுப்பை ஏற்ற பிறகே ஒருத்திக்கு அது மறுபடி வரும். பந்து கையில் இருப்பவளை அணி முழுவதும் பார்த்தாக வேண்டும். அந்தப் பார்வை எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

ஒருத்தி இத்தனை புள்ளிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வரம்பு வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அதை நான் ஏற்கவில்லை. நன்றாக ஆடுவதற்குத் தண்டனை கொடுக்கும் விதியைச் சிறுமிகளுக்கு முன் வைக்க என்னால் முடியாது. அவர்களுக்கு அதை வாழ்க்கையில் வேறு பலர் சொல்லக் காத்திருக்கிறார்கள்.

இங்கே சற்று வரலாறு சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கூட்டத்தில் பேசப்பட்டது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த விளையாட்டை உருவாக்கினார். விதிகள் மொத்தம் 13. அடுத்த ஆண்டே ஸ்மித் பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை சென்டா பெரன்சன் பெண்களுக்காக அவற்றை மாற்றினார். களத்தை மூன்றாகப் பிரித்தார். தன் பகுதியைத் தாண்டி யாரும் போகக் கூடாது. அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது. அந்தக் காலத்தில் பெண்கள் ஓடி ஆட அந்தக் கதவாவது திறந்தது என்பதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கோடுகள் நெடுங்காலம் அழியவில்லை. அமெரிக்கப் பெண்கள் ஐவர் அணியாக முழுக் களத்திலும் ஆடும் விதி 1971இல்தான் வந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து 1976இல், மாண்ட்ரீலில்.

எங்கள் வரைவில் 8–9 பிரிவுக்கு, தரையில் தட்டிக்கொண்டு வருபவளிடமிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. "பெண்பிள்ளைகள் என்பதால் விதியை இளக்குகிறீர்களா?" என்று ஒரு தாய் கேட்டார். கோபத்தோடுதான் கேட்டார், அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. அதே வயதுப் பையன்களுக்கும் நான் இதே விதியைத்தான் எழுதுவேன். பந்தைப் பார்க்காமல் தட்டத் தெரியாத வயதில் பறிக்க அனுமதித்தால், வேகமாக ஓடும் ஒரு பிள்ளை எதிரணியை அரைக்கோட்டைத் தாண்டவே விடாமல் நிறுத்திவிடுவாள். மற்ற ஒன்பது பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் எல்லாக் கட்டுப்பாடுகளையும் வயதோடு கட்டினோம், அந்த வயதைத் தாண்டியதும் அவை விலகும் என்றும் எழுதினோம். 'சிறுமியர் என்பதால்' என்ற சொற்றொடர் விதிகளில் எங்குமே வரக் கூடாது என்று அந்தத் தாய் முன்மொழிந்தார். ஒருமனதாக நிறைவேறியது.

எதிரணியைக் களம் முழுவதும் துரத்தி நெருக்கும் முழுக்கள நெருக்கடித் தடுப்பும் அதே வழியில் முடிவானது. 8–9 பிரிவில் கிடையாது. பந்து போனதும் மூன்று புள்ளிக் கோட்டுக்குள் திரும்பி அங்கிருந்து தடுக்க வேண்டும். 10–11இல் கடைசிக் கால்பகுதியில் மட்டும். 12–14இல் இரண்டாம் பாதி முழுவதும். எந்தப் பிரிவிலும் 15 புள்ளி முன்னிலை பெற்ற அணி அதைக் கைவிட வேண்டும். ஆளை விட்டு ஆளுக்கொரு இடத்தைக் காக்கும் ஜோன் தடுப்பாட்டம் 12 வயது வரை இல்லை, ஆளுக்கு ஆள்தான். சின்னப் பிள்ளைகளால் தூரத்திலிருந்து எறிய முடியாது. ஐந்து பேர் வளையத்தடியில் கூடி நின்றுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. வளையத்தடிப் பெட்டியில் தாக்கும் அணியினர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியைச் சிறியவர்களுக்கு ஐந்தாக்கினோம். ஐந்து ஃபவுலுக்கு வெளியேறும் விதியைத் தொடவில்லை.

உடம்பைப் பற்றிய விதிகளை எழுதும்போது மட்டும் பெண்பிள்ளைகள் என்பது கணக்கில் வந்தது, வர வேண்டியதும்கூட. முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது பையன்களைவிடப் பருவ வயதுப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடங்குவது முக்கியக் காரணங்களில் ஒன்று. அதைப் பயிற்சியால் திருத்தலாம், முறையான ஆயத்தப் பயிற்சியால் காயங்கள் குறைவதும் நிரூபணமானது. ஆகவே ஆட்டத்துக்கு முந்தைய பத்து நிமிடங்கள் அந்தப் பயிற்சிக்கே உரியவை: குதித்து மெதுவாக இறங்குதல், ஒற்றைக்காலில் சமநிலை, திடீரென்று நின்று திரும்புதல். வளையத்தில் பந்து போட்டுப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். தலையில் அடிபட்டதாக ஐயம் வந்தால் அன்று திரும்ப ஆடக் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அடுத்த ஆட்டமும் இல்லை. இதில் பயிற்சியாளருக்கோ பெற்றோருக்கோ விதிவிலக்குத் தரும் உரிமை கிடையாது.

சீருடையில் அடர்நிறக் கால்சட்டை என்று எழுதினோம். மாதவிடாய் தொடங்கும் வயதுப் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கால்சட்டை எவ்வளவு பெரிய கவலை என்பதைப் பெரிய போட்டிகளே இப்போது ஏற்றுக்கொள்கின்றன. விம்பிள்டன் 2023இல் அடர்நிற உள்கால்சட்டையை அனுமதித்தது. காரணம் சொல்லாமல் ஓய்வறைக்குப் போகலாம், அதனால் அவள் சுற்றுக்கணக்கு குறையாது என்றும் ஒரு வரி சேர்த்தோம். தலைத்துணி அணிந்து ஆடலாம், குண்டூசி மட்டும் கூடாது. தலைத்துணிக்கு இருந்த தடையை ஃபிபாவே 2017இல் நீக்கிவிட்டது. நகைகள் வேண்டாம். ஒட்டுநாடாவால் மூடிக்கொண்டு ஆடுவதும் வேண்டாம். புதிதாகக் காது குத்தினால் சில வாரங்கள் கழற்ற முடியாது என்பதால், பெயர் பதியும்போதே இதைப் பெற்றோருக்குச் சொல்லிவிடுவது நல்லது.

அணி பிரிப்பதில் ஒவ்வொரு பருவமும் கசப்பு மிஞ்சும். இம்முறை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் ஓடவிட்டு, தட்டுதல், பாஸ், ஓடிவந்து வளையத்தருகே பந்தைப் போடும் லே அப் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டோம். பிறகு பயிற்சியாளர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சம பலமுள்ள அணிகளைப் பிரித்தார்கள். எந்த அணி யாருக்கு என்பது கடைசியில் சீட்டுக் குலுக்கலில். சொத்தைப் பிரிக்கும் அண்ணன், எந்தப் பங்கைத் தம்பி எடுப்பான் என்று தெரியாமல் பிரிப்பதைப் போல, ஒவ்வொருவரும் மிகுந்த நேர்மையோடு பிரித்தார்கள். பயிற்சியாளரின் சொந்த மகள் மட்டும் குலுக்கலுக்குப் பிறகு, அதே மதிப்பெண் உள்ள ஒருத்தியோடு இடம் மாறி அவருடைய அணிக்கு வருவாள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தோழியின் பெயரைச் சொல்லலாம். இருவரும் பரஸ்பரம் சொல்லியிருந்தால் ஒரே அணி. இந்தச் சலுகை சமநிலையைக் கெடுக்கும் என்றார்கள். சற்றுக் கெடுக்கத்தான் செய்கிறது. ஆனால் கூச்சமுள்ள பிள்ளை தொடர்ந்து வருவது வளையத்துக்காக அல்ல, தோழிக்காக. அந்தப் பிள்ளையை இழப்பதைவிடச் சிறு சமநிலைக் குறைவு பரவாயில்லை.

பெரியவர்களுக்கான விதிகள் குறைவு, ஆனால் கண்டிப்பானவை. ஒவ்வொரு அணியோடும் இரண்டு பெரியவர்கள், அவர்களில் ஒருவராவது பெண். பயிற்சியாளர் எந்தச் சிறுமிக்கும் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. பெற்றோரையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். களத்தை நோக்கிக் குரல் கொடுப்பது பயிற்சியாளர் மட்டும். எங்கள் நடுவர்களில் பலர் பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள், இதே லீக்கில் ஆடி வளர்ந்தவர்கள். அவர்களிடம் நேரில் வாதிட யாருக்கும் அனுமதி இல்லை. புகார் இருந்தால் ஒருநாள் கழித்து எழுத்தில். வெளியிலிருந்து ஒருவர் கத்தினால் நடுவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு அவர் வெளியேறும்வரை காத்திருக்கலாம். முதல் வாரத்தில் ஒரு தந்தைக்காக அப்படி ஓர் ஆட்டம் நின்றது. அவர் வெளியேறினார், அடுத்த வாரம் வந்து அமைதியாக ஆட்டம் பார்த்தார். அந்த இளம் நடுவர் எப்படி அவ்வளவு நிதானமாக நின்றாள் என்று கேட்டேன். "விதியில் எழுதியிருக்கிறதே அக்கா, நான் என்ன பயப்பட வேண்டும்?" என்றாள்.

நீங்களும் இப்படி ஒரு வேலையில் இறங்கினால், வாக்கெடுப்புக்கு முன் சோதனை ஆட்டங்கள் நடத்திப் பாருங்கள். எழுத்தில் அழகாகத் தெரிந்த சில விதிகள் களத்தில் மூச்சுத் திணறும். எங்கள் சுற்றுத்தாள் முதலில் இரண்டு பக்கம் இருந்தது. ஸ்கோரர் மேசையில் இருந்த பெண்மணி அதைக் கையில் வாங்கியதுமே, அரைப் பக்கத்துக்குச் சுருக்கினால் ஒழிய நடக்காது என்றார். சுருக்கினோம். முழு விதிகளை நடுவர்களுக்கும், ஒரு பக்கச் சுருக்கத்தைப் பெற்றோருக்கும், பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் தனியாக ஒன்றையும் கொடுத்தோம். மூன்றாவதுதான் அதிகம் வேலை செய்தது. தன் சுற்று எப்போது வரும் என்று தெரிந்த சிறுமி, பயிற்சியாளர் மறந்தாலும் தானே எழுந்து மேசைக்குப் போகிறாள்.

பருவ இறுதிக் கூட்டத்தில் புது ஸ்கோர் ஷீட்டுகளை விரித்துப் பார்த்தோம். புள்ளி எடுக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ஃபவுல் கட்டத்திலாவது எல்லாப் பெயர்களுக்கு எதிரேயும் ஏதோ ஒன்று விழுந்திருக்கிறது. அடுத்த பருவத்துக்கு இப்போதைக்கு ஒரே ஒரு திருத்தம் முன்மொழியப்பட்டிருக்கிறது: பந்தை முன்னே கொண்டுவருபவள் மாறும் விதியை 10–11 பிரிவுக்கும் நீட்ட வேண்டும். கேட்டவர்கள் சென்ற பருவம் 8–9இல் ஆடிவிட்டு மேலே போகும் சிறுமிகள். பயிற்சியாளர்களில் பாதிப் பேர் இன்னும் ஒப்பவில்லை. சோதனை ஆட்டங்களுக்குப் பிறகு வாக்கெடுப்பு.