சுக்கானி

பெரிய கப்பல்களை இழுத்துச் செல்லும் டக் படகில் சுக்கானியாக இருந்த வருடங்களில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மணல்திட்டு எங்கே, நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் பதிவேட்டில் வேறொருவர் பெயர்தான் ஏறும். அந்த நாட்களில்தான் ராபர்ட் ஸ்மால்ஸைப் பற்றிப் படித்தேன்.

1839-ல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து பியூஃபோர்ட்டில் அடிமையாகப் பிறந்தவர். 12 வயதில் சார்ல்ஸ்டன் துறைமுக நகரத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். கூலி எசமானருக்குப் போய்விடும், இவர் கையில் வாரம் ஒரு டாலர். அடிமைமுறையை வைத்திருந்த தென்மாநிலங்கள் வடக்கை எதிர்த்து நடத்திய உள்நாட்டுப் போரில், தென்மாநிலப் படைக்காக ஓடிய ‘பிளான்டர்’ நீராவிக் கப்பலில் பைலட்டின், அதாவது கப்பலுக்கு வழிகாட்டுகிறவரின், வேலை முழுவதையும் அவர்தான் பார்த்தார். ஆனால் அடிமையைப் பைலட் என்று சொல்ல மாட்டார்கள். சக்கரம் பிடிக்கிறவன், அவ்வளவுதான்.

1862 மே 13, விடிவதற்கு முன். வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கிவிட்டிருந்தார்கள். ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பினார், குடும்பங்களை ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியை வைத்துக்கொண்டு, கேப்டன் நிற்கிற மாதிரியே நின்று, தென்படையின் கையிலிருந்த சம்டர் கோட்டைக்கு வழக்கமான விசிலைக் கொடுத்தார். தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் அப்படி நிற்க வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். பீரங்கி எட்டாத தூரம் போனதும் வெள்ளைத் துணியை ஏற்றி, வடக்குக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். 16 பேர் விடுதலையானார்கள். அவருக்கு வயது 23.

அப்போது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறகுதான் ஆசிரியர் வைத்துக் கற்றார். 1868-ல் மாநில அரசமைப்பு மாநாட்டுக்குப் போனதும் அவர் கேட்டது எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயப் பள்ளி. என்னை மிகவும் தொட்டது இதுதான். கப்பலைக் கொண்டுவந்த கதையைவிட இதையே நான் பிள்ளைகளிடம் அதிகம் சொல்லியிருக்கிறேன். அப்புறம் மாநிலக் கீழவை, மேலவை, 1875-லிருந்து வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்.

1895-ல் தென் கரோலினா தன் அரசமைப்பைத் திரும்ப எழுதியது. வாக்களிக்க எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், இல்லையென்றால் 300 டாலர் சொத்து வேண்டும் என்றார்கள். கறுப்பின மக்களைப் பட்டியலிலிருந்து துடைப்பதுதான் நோக்கம். அந்த மாநாட்டில் இருந்த கறுப்பினப் பிரதிநிதிகள் 6 பேர்தான். ஸ்மால்ஸும் அவர்களில் ஒருவர். கடைசிவரை எதிர்த்துப் பேசினார். முடிவில் அந்த ஆவணத்தில் தன் பெயரைப் போட மறுத்துவிட்டார்.