அதிர்ந்தால் திறக்கும் ஸ்விட்ச்: பக்கப் பாதை எச்சரிக்கை விளக்குக்காகச் செய்ததும் திருத்தியதும்

ஆலைக்குள் போகும் ஒற்றை ரயில் பக்கப் பாதை, அதைக் குறுக்கே வெட்டும் ஒரு சாலை, மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத எஞ்சின். எஞ்சின் வருவதற்கு அரை நிமிடம் முன்னால் விளக்கு மின்ன வேண்டும், மணி அடிக்க வேண்டும். தண்டவாள அதிர்வைக் கொண்டே அதைத் தொடங்கி வைக்கும் ஸ்விட்ச்சை எங்கள் குழு எப்படிச் செய்து முடித்தது என்பதுதான் இங்கே. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது பாதைக்குப் பொறுப்பானவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிச் செய்த வேலை. பொது ரயில் பாதையில் இப்படி ஒரு பெட்டியைக் கொண்டுபோய் மாட்டுவது குற்றம், ஆபத்தும் கூட.

எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் அதிர்வு ஸ்விட்ச், சிறு குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங், நடுவே ஒரு ஊசி என்ற அமைப்பில் இருக்கும். அதிர்ந்தால் ஸ்பிரிங் ஊசியைத் தொடும், சுற்று மூடும். மேசைமேல் தட்டிப் பார்த்தால் அழகாக வேலை செய்யும். ஆனால் சும்மா இருக்கும்போது இது திறந்த சுற்று. கேபிளை எலி கடித்தாலும் திறந்த சுற்றுதான், ஸ்பிரிங் துருப்பிடித்து உடைந்தாலும் அதேதான். ரயில் இல்லாத பாதைக்கும் செத்துப்போன ஸ்விட்ச்சுக்கும் வித்தியாசமே தெரியாது. 1872-இல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட் (தண்டவாளங்கள் வழியே மின்சாரம் ஓட்டி ரயில் இருப்பதைக் கண்டறியும் சுற்று), எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் மூடிய சுற்றாக அமைந்ததற்குக் காரணம் இதுதான்: எது அறுந்தாலும் சிக்னல் 'நில்' என்று காட்டும். அதிர்வு ஸ்விட்ச்சும் அப்படியே இருக்க வேண்டும். சும்மா இருக்கும்போது தொட்டுக்கொண்டு, அதிர்ந்தால் பிரிய வேண்டும். அப்படிப்பட்டது கைக்கு அகப்படாததால் நாங்களே செய்தோம்.

பாகங்கள் கொஞ்சம்தான். 0.5 மி.மீ. தடிமன், 6 மி.மீ. அகலமுள்ள பாஸ்பர் வெண்கலப் பட்டை. ஒரு முனையை இறுகப் பிடித்துவிட்டு 50 மி.மீ. நீளத்தைப் படுக்கைவாட்டில் நீட்டிவிட வேண்டும். நுனியில் 5 கிராம் பித்தளை எடை, அதன் அடியில் வெள்ளிக் காண்டாக்ட். அதற்கு நேர் கீழே, முனையில் வெள்ளி பதித்த எம்3 திருகு. எடை திருகின்மேல் உட்கார்ந்திருக்கும்வரை சுற்று மூடியிருக்கும். பெட்டி சட்டென்று கீழே இறங்கினால் எடை பின்தங்கும், காண்டாக்ட் பிரியும்.

எத்தனை வேகமாக இறங்கினால் பிரியும் என்பதுதான் இதன் உணர்திறன். கணக்கு சுலபம். திருகை எடை எத்தனை கிராம் விசையோடு அழுத்துகிறதோ, அதை எடையின் கிராமால் வகுத்தால் அத்தனை 'ஜி' (புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு) முடுக்கத்தில் பிரியும். எடை தன் பாரத்தால் மட்டும் உட்கார்ந்திருந்தால் ஒரு ஜி. பட்டையின் வளைவு இன்னொரு 5 கிராம் சேர்த்தால் இரண்டு ஜி. நாங்கள் வைத்தது இரண்டு.

இதை இப்படி வைத்தோம். மல்டிமீட்டரைப் 'பீப்' நிலையில் போட்டுக் காண்டாக்டின் இருபுறமும் இணையுங்கள். திருகை நன்றாகக் கீழே இறக்கிவிட்டு மெல்ல ஏற்றுங்கள். முதல் பீப் கேட்கும் இடத்தில் திருகு எடையைத் தொட்டிருக்கிறது, ஆனால் பாரம் எதுவும் தாங்கவில்லை. அங்கிருந்து ஒரு சுற்றும் ஐந்தில் ஒரு பங்கும் ஏற்றுங்கள். எம்3 திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும், ஆக 0.6 மி.மீ. இந்தப் பட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 17 கிராம் விசை கொடுப்பதால் 10 கிராம் அழுத்தம் வந்துவிடும். கணக்கை நம்பி அப்படியே விடாதீர்கள். பட்டையைப் பிடித்திருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே விறைப்பு மாறிவிடும். எடையில் ஒரு நூலைக் கட்டி, சிறிய கிராம் கேஜால் நேர் மேலே தூக்குங்கள். பீப் நிற்கும் கணத்தில் கேஜ் 10 காட்ட வேண்டும். மூன்று முறை தூக்கி மூன்றும் ஒத்துப் போனால் பூட்டு நட்டை இறுக்குங்கள். நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் திரும்பும். அதனால் இறுக்கிய பிறகு நான்காவது முறையும் தூக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் விடுவது இந்த நான்காவது முறையைத்தான். கேஜ் சரி என்று சொன்ன பிறகே திரெட் லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு.

பெட்டியை எங்கே மாட்டுவது என்பதில்தான் அதிக நாள் போனது. தண்டவாளத்திலேயே மாட்டுவதுதான் நியாயமாகத் தோன்றும். அதன் நடுப்பகுதியில் துளை போடும் பேச்சே வேண்டாம், துளையிலிருந்து விரிசல் கிளம்பும். அடித்தட்டைக் கவ்வும் கொக்கிப் போல்ட்டில் மாட்டிப் பார்த்தோம். தண்டவாளத்தில் ஓடும் அதிர்வில் உயர் அலைவெண் அதிகம். முடுக்கம் பெரிதாக இருக்கும், நகர்வோ துளிதான். இரண்டு ஜி முடுக்கம் 50 ஹெர்ட்ஸில் வந்தால் நகர்வு 0.2 மி.மீ., அதே இரண்டு ஜி 500 ஹெர்ட்ஸில் வந்தால் 0.002 மி.மீ. அந்த இடைவெளியில் காண்டாக்ட் முழுதாகப் பிரியாது, படபடத்துக்கொண்டே இருக்கும், வெள்ளி கருகும், நட்டுகள் தளரும். தண்டவாளம் வெயிலில் கொதிப்பது வேறு. அதனால் பெட்டியை ஸ்லீப்பருக்கு, அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்கு, மாற்றினோம். தண்டவாளத்துக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் அட்டை கீச்சு அதிர்வுகளை விழுங்கிவிட்டுக் கனமான அடியை மட்டும் கீழே விடும். நமக்கு வேண்டியதும் அதுதான். கான்கிரீட் ஸ்லீப்பரில் துளை போடக் கூடாது, உள்ளே இழுத்துக் கட்டிய கம்பிகள் இருக்கும். அதன் ஓரத்தில் துத்தநாகம் பூசிய பட்டையால் சுற்றிக் கட்டி, ஸ்பிரிங் வாஷரும் இரட்டை நட்டும் போட்டோம்.

எந்த ஸ்லீப்பர்? ஃபிஷ்பிளேட் ஜாயின்டை (இரண்டு தண்டவாள முனைகளைத் தகடு வைத்து இணைக்கும் இடம்) ஒட்டிய ஸ்லீப்பர். மெதுவாகப் போகும் பாதையில் தொடர் அதிர்வை நம்ப முடியாது, சக்கரம் ஜாயின்டைத் தாண்டும்போது விழும் 'தடக்'கைத்தான் நம்பலாம். எச்சரிக்கை 30 விநாடி, வேகம் விநாடிக்கு 4.2 மீட்டர், ஆக சாலையிலிருந்து 126 மீட்டர். அதற்கு அடுத்து வெளிப்புறமாக இருக்கும் ஜாயின்ட்டைத் தேர்ந்தெடுங்கள், உட்புறமாக இருப்பதை வேண்டாம். தண்டவாளத்தில் காது வைத்தால் ரயில் வெகுதூரத்தில் வருவது கேட்கும் என்பார்களே, அதை நம்பி ஸ்விட்ச்சைச் சாலை ஓரத்திலேயே வைக்கும் யோசனை எங்களுக்கும் வந்தது. இரும்பில் ஒலி விநாடிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு ஃபிஷ்பிளேட்டும் அதை வடிகட்டிவிடும். மிஞ்சி வருவது காதுக்குப் போதும், காண்டாக்டைப் பிரிக்கப் போதாது.

பெட்டியின் உலோகம் எதுவும் தண்டவாளத்தைத் தொடக் கூடாது. ஒரு தண்டவாளத்தையும் இன்னொன்றையும் கேபிளின் கவசக் கம்பி வழியாக நீங்கள் அறியாமல் இணைத்துவிட்டால், அங்கே இருக்கும் டிராக் சர்க்யூட் ரயில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். மின்சார எஞ்சின் ஓடும் பாதையில் திரும்பும் மின்னோட்டமும் அதே தண்டவாளத்தில்தான் போகிறது.

சுற்று இப்படி: 12 வோல்ட், கன்ட்ரோலர் இருக்கும் அறையில் 560 ஓம், ஒரு ஆப்டோகப்ளரின் (சிக்னலை ஒளி வழியே மறுபக்கம் கடத்தும் பாகம்) எல்.இ.டி., 0.5 சதுர மி.மீ. கேபிள், ஸ்விட்ச் பெட்டிக்குள் காண்டாக்டோடு தொடராக 470 ஓம். இரண்டாகப் பிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. முழு ரெசிஸ்டரையும் அறையிலேயே வைத்திருந்தால், கேபிள் நடுவில் நசுங்கி ஷார்ட் ஆனாலும் 'எல்லாம் நலம்' என்றே தெரியும். இப்போது நலமாக இருந்தால் சுமார் 10.5 மில்லி ஆம்பியர் ஓடும், 560 ஓமின் இரு முனைகளில் 5.9 வோல்ட் இருக்கும். ஷார்ட் ஆனால் 10.8 வோல்ட், அறுந்தால் பூஜ்யம். அறுந்ததை ஆப்டோகப்ளரே காட்டிவிடும், ஷார்ட்டைப் பிரித்தறிய ஒரு கம்பாரேட்டர் (இரண்டு வோல்ட் அளவுகளை ஒப்பிடும் சுற்று) போதும். 280 மீட்டர் போக வரக் கம்பியின் மின்தடை 10 ஓம் அளவுதான், பொருட்படுத்த வேண்டாம். மின்னோட்டத்தை ஒரு மில்லி ஆம்பியராகக் குறைத்தால் பேட்டரி மிச்சமாகுமே என்று தோன்றும். வெள்ளிமேல் படியும் கரும்படலத்தை உடைக்க அது போதாது. ஒரு மாதத்தில் காரணமில்லாமல் விளக்கு எரியத் தொடங்கும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி இந்தச் சுற்றை மட்டும் தாங்கினால் கணக்குப்படி 27 நாள் வரும். விளக்குக்கும் மணிக்கும் தனி பேட்டரி வையுங்கள்.

அடுத்த தொல்லை பட்டையின் துள்ளல். இந்தப் பட்டையும் எடையும் சேர்ந்து தானாக ஆடும் அலைவெண் 28 ஹெர்ட்ஸ் பக்கம். ஒரே ஒரு கல் விழுந்தாலும் பட்டை குதித்துக் குதித்து அடங்கும், கன்ட்ரோலருக்கு அது பத்து அடியாகத் தெரியும். பட்டைக்கும் அடித்தளத்துக்கும் நடுவில், பிடித்திருக்கும் முனைக்கு அருகே, பட்டாணி அளவு ஸ்பாஞ்ச் ஒட்டினோம். துள்ளல் பெருமளவு அடங்கியது. (ஸ்பாஞ்சும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். கிராம் கேஜ் சோதனையை அது ஒட்டிய பிறகு செய்யுங்கள்.) மிச்சத்தை நிரல் பார்த்துக்கொள்கிறது: ஒரு அடி பதிவானதும் 200 மில்லி விநாடி காது பொத்திக்கொள்ளும், 3 விநாடிக்குள் இரண்டாவது அடி வந்தால்தான் விளக்கு. 0.2 விநாடிக்கு மேல் சுற்று தொடர்ந்து திறந்தே இருந்தால் அது அதிர்வு அல்ல, கம்பி அறுந்தது. அப்போதும் விளக்கு எரியும், அணையாது.

இந்த எண்கள் அச்சுகளின் இடைவெளியிலிருந்து வந்தவை. போகியில் (சக்கர அச்சுகளைத் தாங்கும் அடிச்சட்டம்) அச்சுகளுக்கு நடுவே 2 மீட்டர் என்றால், 15 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு அடிகளுக்கு நடுவே 0.48 விநாடி. 200 மில்லி விநாடி என்பது 36 கிலோமீட்டர் வேகம்வரை சரி, அதற்கு மேல் இரண்டாவது அச்சை விழுங்கிவிடும். மறுபக்கம், 3 விநாடி என்பது 2.4 கிலோமீட்டர் வேகம்வரை. அதைவிட மெதுவாக ஊர்ந்து வந்தால் அடியும் பலவீனமாகிவிடும், ஸ்விட்ச் பிரியாமலே போகலாம். எனவே ஊர்ந்து வரும் எஞ்சினுக்கு முன்னால் ஆள் கொடியோடு நடக்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிடாதீர்கள்.

தொடங்கி வைப்பது இந்த ஸ்விட்ச்சுக்குக் கைவந்த கலை. முடித்து வைக்க இதற்குத் தெரியாது. ரயில் பாதி வழியில் நின்றுவிட்டால் அதிர்வு இல்லை. 'அதிர்வு நின்றால் விளக்கு அணை' என்று நிரல் எழுதியவர்கள், சாலைக்குப் பத்து மீட்டர் முன்னால் ரயில் நிற்கும்போது வழி திறந்திருப்பதாகக் காட்டுவார்கள். டைமர் வைத்து அணைப்பதும் அதே தவறுதான். அணைப்பதைச் சாலை வெட்டும் இடத்தில் இருந்த சிறு டிராக் சர்க்யூட்டிடம் கொடுத்தோம்: அது ஒருமுறை ரயிலைக் கண்டு, பிறகு காலியானால்தான் விளக்கு அணையும். காணவே இல்லையென்றால் பொறுப்பாளர் வந்து சாவி போட வேண்டும்.

இருபுறமும் ஸ்விட்ச் இருப்பதால் இன்னொரு சிக்கல். சாலையைக் கடந்து போகும் ரயில் மறுபக்க ஸ்விட்ச்சை அதிர வைத்து விளக்கை மறுபடி ஏற்றும். அதற்காக, உள்ளே வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஸ்விட்ச்சை, அதன்மேல் ரயில் போய் 20 விநாடி அமைதி வரும்வரை ஊமையாக்கினோம். இதில் ஒரு ஓட்டை இருப்பது ஷண்டிங்கில் (வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தி மாற்றும் வேலை) தெரிந்தது. சாலையைத் தாண்டிய எஞ்சின், மறுபக்க ஸ்விட்ச்சை எட்டுமுன் நின்று பின்னோக்கி வந்தால், எந்த ஸ்விட்ச்சையும் தொடாமலே சாலைக்கு வந்துவிடும். நிரலால் இதை அடைக்க முடியவில்லை. ஷண்டிங் தொடங்கும்போதே விளக்கைக் கையால் ஏற்றி வைக்கும் ஒரு சாவியும், அதற்கென்று ஒரு ஆளும் என்று முடிவு செய்தோம்.

பராமரிப்பில் எறும்புதான் முதல் எதிரி. கேபிள் கிளாண்டைப் (கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் பாகம்) பெட்டியின் அடிப்பக்கம் வைத்து, கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டு ஏற்றினால் தண்ணீர் உள்ளே வராது. ஆனால் வியர்க்கும் நீர் வடிய விட்ட 3 மி.மீ. துளை வழியாக எறும்பு வரும், காண்டாக்டுக்கு நடுவில் மண் சேர்க்கும். துளைக்குப் பித்தளை வலை ஒட்டியபின் நின்றது.

சோதனைக்கு ஒரு கிலோ ரப்பர் சுத்தியை 30 செ.மீ. உயரத்திலிருந்து ஸ்லீப்பர்மேல் விழவிடுகிறோம், ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு முறை. விளக்கு எரிய வேண்டும். ஒரு முறை மட்டும் விழவிட்டால் எரியக் கூடாது. ஜல்லியை இறுக்கும் இயந்திரம் வரும் நாளில் பெட்டியைக் கழற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் பற்கள் கேபிளோடு பிடுங்கிப் போடும். திரும்ப மாட்டும்போது பழைய அமைப்பு சரியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். புதிதாக இறுகிய ஜல்லியில் ஸ்லீப்பர் முன்போல் அமுங்காது, அடி குறைந்திருக்கும். சுத்தியோடு நில்லாமல், எஞ்சினை 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் திருகை ஐந்தில் ஒரு சுற்று இறக்கி, கிராம் கேஜை மறுபடி எடுங்கள்.