ஜிரோவில் மழையும் பாட்டும்

மே மாதக் கூட்டத்தில் மலைக்குப் போவது எனக்கும் என் கணவருக்கும் பிடிக்காது. இந்த முறை பாட்டைக் கேட்கவே தேதி குறித்தோம். அருணாசலப் பிரதேசத்தின் ஜிரோ பள்ளத்தாக்கில், செப்டம்பர் கடைசியில் நடக்கும் ஜிரோ இசைவிழா, 2012இல் தொடங்கியது. மழை முழுதாக விடாத சமயம், மலைப்பாதையில் மண் சரிந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். வெளிமாநிலத்தார் இங்கே நுழையத் தேவையான அனுமதிச் சீட்டு, இன்னர் லைன் பெர்மிட்டை முன்பே வாங்கிவிடுங்கள்.

மேடைகளெல்லாம் மூங்கில். சாயங்காலம் தூறல் பிடித்தது, யாரும் நகரவில்லை. ஒரே மழைக்கோட்டை இருவர் தலைக்கும் பிடித்துக்கொண்டு, கணுக்கால் சேற்றில் நின்றே கேட்டோம். டிரம்ஸ் அடி நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. அவர் கண்ணை மூடித் தாளம் போட்டதை இத்தனை வருடத்தில் அன்றுதான் பார்த்தேன்.

விழா முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் போன பிறகுதான் பள்ளத்தாக்கே கண்ணில் படுகிறது. இங்கே வாழும் அபதானி பழங்குடி மக்கள் நெல்வயலிலேயே மீன் வளர்க்கிறார்கள், வரப்பில் கேழ்வரகு. தண்ணீர் குறைந்தால் மீன் ஒதுங்க வயலுக்குள் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். எவ்வளவு யோசித்துச் செய்த விவசாயம்! தங்கிய வீட்டு அக்கா அடுப்படியில் உட்காரவைத்து அந்த மீனைச் சுட்டுக் கொடுத்தார்.

அடுத்த செப்டம்பரில் யாரெல்லாம் வருகிறீர்கள்? லீவு இப்போதே சொல்லிவையுங்கள்.