நூறு ரூபாய்க் காலைச் சாப்பாடும் ஒரு லிஸ்டும்

2025 பெப்ரவரி 17ஆம் திகதி ஜனாதிபதி பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வீட்டில் டிவி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. முன்பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவுக்கு ஒரு பிள்ளைக்கு 60 ரூபாயாக இருந்த ஒதுக்கீடு 100 ரூபாயாகும் என்று காதில் விழுந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் டீச்சருக்குக் கோல் எடுத்தேன். டீச்சர் அவசரப்படவே இல்லை. "நமக்கு அந்த 60ஏ வரல்லையே, 100 எப்படி வரும்?" என்று மட்டும் கேட்டார்.

அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. எங்கள் முன்பள்ளி கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலையும் இல்லை, மரமும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நடுவில் இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அளவுக்கு ஒரு வழி. அந்த வழியின் கடைசியில் ஒரு சின்ன மண்டபம், அதில் 23 பிள்ளைகள், ஒரு டீச்சர், உதவிக்கு ஒரு பெண். பிள்ளைகளில் பாதிப் பேர் காலையில் ஒரு மாரி பிஸ்கட்டையும் வெறுந்தேநீரையும் குடித்துவிட்டு வருகிறவர்கள். பத்து மணிக்கு மேல் யார் சோர்ந்து மேசையில் தலை வைப்பார்கள் என்று டீச்சருக்கு மனப்பாடம். என் மகளும் அங்கேதான் படித்தாள். அதனால் பெற்றோர் குழுவின் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. வேறு யாருக்கும் எழுத்து வேலை பார்க்க நேரம் இல்லை என்பதைத் தவிர எனக்கு அதற்கு ஒரு தகுதியும் இல்லை.

1945இலிருந்து இந்த நாட்டில் கல்வி இலவசம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த இலவசம் தொடங்குவது முதலாம் ஆண்டில். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் தாயின் பர்ஸைப் பொறுத்தது. முன்பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துவது கோயில், பள்ளிவாசல், தேவாலயம், நகரசபை, தொண்டு நிறுவனம், இல்லாவிட்டால் தன் வீட்டு முன்னறையைக் காலி செய்த ஒரு டீச்சர். அரசாங்கம் தூரத்தில் நின்று பார்க்கும், அவ்வப்போது ஏதாவது தரும். அந்த 'ஏதாவது'வில் ஒன்றுதான் காலைச் சாப்பாடு.

மார்ச் முதல் வாரம் முதல்முறையாக அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்களோடு எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான மிஸ் என்னை உட்காரவைத்துத் தடித்த ஒரு கோப்பைத் திறந்து, விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். பிறகு மூடினார். "லிஸ்ட் எகே நே." லிஸ்டில் இல்லை. "ஆனால் மிஸ், நாங்கள் பதிந்த முன்பள்ளி" என்று சான்றிதழை எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு. "இது மாகாணத்து லிஸ்ட். என்னுடையது வேற லிஸ்ட்."

எனக்கு விளங்க ஒரு வாரம் பிடித்தது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளிகள் மாகாண சபைக்குரியவை. எங்கள் பதிவு, டீச்சருடைய பயிற்சி எல்லாம் மாகாணத்தோடு. காலைச் சாப்பாட்டுப் பணம் மத்திய அமைச்சின் பணம், அது பிரதேச செயலகம் வழியாக வருகிறது. ஒருவருடைய லிஸ்ட் மற்றவரிடம் தானாகப் போகாது. யாராவது காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இந்தக் கட்டிடத்திலிருந்து அந்தக் கட்டிடத்துக்கு நடக்கவேண்டும். மாகாண சபையிலாவது யாரையாவது பிடிக்கலாம் என்று பார்த்தால், மேல் மாகாண சபையின் காலம் 2019இலேயே முடிந்துவிட்டது. அப்புறம் தேர்தலே நடக்கவில்லை. கேட்க உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை.

சரி, நடக்கவேண்டியது நான்தான் என்று புரிந்தது.

மிஸ் ஒரு துண்டுக் காகிதத்தில் தேவையானவற்றை எழுதித் தந்தார். கிராம உத்தியோகத்தரின் கடிதம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்கிற பி.எச்.ஐ.யின் அறிக்கை, டீச்சருக்குப் பொலிஸ் அறிக்கை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள், எடை விபரம், பெற்றோர் குழுவின் யாப்பு, கூட்டக் குறிப்பு, வங்கிக் கணக்கு, குழுவின் முத்திரை. இதில் பி.எச்.ஐ. வந்தது அடுத்த நாளே. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடச் சொன்னார், போட்டோம், முடிந்தது. பொலிஸ் அறிக்கைக்கும் பெரிதாக அலையவில்லை. கிராம உத்தியோகத்தரிடம்தான் மாட்டினோம். எங்கள் மண்டபத்தின் கதவு ஒரு பிரிவில் இருக்கிறது, முகவரி இன்னொரு பிரிவில். இவர் அவரிடம் போகச் சொன்னார், அவர் இவரிடம் போகச் சொன்னார். கடைசியில் இரண்டு பேரிடமும் கடிதம் வாங்கி இரண்டையும் வைத்தேன். ஒருவரும் ஏன் இரண்டு என்று கேட்கவில்லை.

எடை விபரத்துக்கு மிட்வைஃப் மிஸ் தராசோடு மண்டபத்துக்கே வந்தார். பிள்ளைகள் தங்கள் சுகாதாரப் பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தார்கள், ஆண் பிள்ளைகளுடையது நீலம், பெண் பிள்ளைகளுடையது ரோஸ். ஒரு தாய் அதை ப்ரியாணிக் கடைப் பைக்குள் மடித்து வைத்திருந்தாள். மிஸ் ஒவ்வொன்றையும் விரித்துக் கோடுகளுக்கு மேல் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தபோதெல்லாம் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பதிவேட்டைத் தன் இடது பக்கம் வைத்தார். நான் வலது பக்கத்தைப் பார்க்கவே இல்லை, இடது பக்கத்தை மட்டும் எண்ணினேன். ஏழு. எடை தெரியாமல் இருந்ததில்லை, ஆனால் அப்படி ஒரு பக்கம் அடுக்கிப் பார்த்தது அன்றுதான்.

முத்திரைக்குப் புறக்கோட்டை போனேன். தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ஒரு மணி நேரம் பஜாரைச் சுற்றிவிட்டு வந்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து அழுத்திப் பார்த்தால் சிங்களம் சரி, தமிழில் 'முன்பள்ளி' 'முன்பளி' ஆகியிருந்தது. ஒரு எழுத்து போய்விட்டது. திரும்பப் போக பஸ் காசும் இல்லை, பொறுமையும் இல்லை. அடுத்த நாள் அதையே குத்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலகத்தில் தமிழ் வாசிக்கிறவர் யாரும் கவனிக்கவில்லை, அல்லது அந்த மேசையில் தமிழ் வாசிக்கிறவரே இல்லை.

கோப்பு உள்ளே போனது மார்ச் கடைசியில். அந்த வருடம் எல்லாமே பிந்தியிருந்தது. 2024 நவம்பரில் பொதுத் தேர்தல் நடந்ததால், 2025இன் முதல் நான்கு மாதங்களுக்கு இடைக்காலக் கணக்கைத்தான் நிறைவேற்றியிருந்தார்கள். வரவு செலவுத் திட்டம் நிறைவேறியது மார்ச் 21ஆம் திகதி. பிறகு சித்திரைப் புத்தாண்டு. பிறகு மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல், பாதி அலுவலகம் தேர்தல் கடமையில். "தேர்தல் முடியட்டும்" என்றார்கள். முடிந்தது. வெசாக் வந்தது, அதுவும் முடிந்தது. கவுண்டரில் இருந்தவர் எனக்குத் தூரத்திலேயே தலையாட்டப் பழகிவிட்டார்.

தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்திப் பார் என்று சொன்னது பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா. அவரை நாங்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். கொழும்பில் முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் பெயர். தோட்டத்து முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். முன்பு ஒருமுறை வடிகான் விஷயத்தில் ஆர்.டி.ஐ. போட்டு வென்றவர். "நீ சண்டை பிடிக்காத. மூணு கேள்வி மட்டும் எழுது. ஏன் கேக்கிறேன்னு எழுதாத, அது சொல்லத் தேவையில்ல."

அது உண்மைதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கேட்கிறவர் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும், காரணம் சொல்லவேண்டியதில்லை. ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் தமிழிலும் இருக்கிறது. நான் கேட்ட மூன்று கேள்விகள்: இந்தப் பிரிவில் இந்த வருடம் எத்தனை முன்பள்ளிகளுக்குக் காலை உணவுப் பணம் கிடைக்கிறது? போன வருடம் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு? முன்பள்ளிகளை எந்த அடிப்படையில் தெரிவு செய்கிறார்கள்? எங்கள் முன்பள்ளியின் பெயரை எழுதவே இல்லை. அதை எழுதினால் விண்ணப்பம் முறைப்பாடாகிவிடும் என்பது தாத்தாவின் கணக்கு.

மே 15 வியாழக்கிழமை கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். சனி, ஞாயிறு கழித்துக் கலண்டரில் எண்ணி ஜூன் 4ஐ வட்டம் போட்டேன். ஜூன் 4 வந்தது, பதில் வரவில்லை. பொசன் விடுமுறை முடிந்ததும் மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்பி, அதே கட்டிடத்தின் மேல்மாடியில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் கொடுத்தேன். அவருக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குப் பிறகு தகவல் உரிமை ஆணைக்குழு. அது பண்டாரநாயக்க மண்டபத்தில் இருக்கிறது, எந்த பஸ் என்றுகூட விசாரித்து வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. முன்பள்ளி மிஸ்தான். குரலில் கோபம் இருக்கும் என்று பயந்தேன், இல்லை. "நங்கி, நேரா என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார். நேராகத்தான் கேட்டேன் மிஸ், மார்ச்சிலிருந்து, என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். நங்கி, அதாவது தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டாரே.

பதில் மூன்று பக்கம். முதல் நான்கு பக்கங்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஒரு சதமும் செலவில்லை. வந்தது சிங்களத்தில். தமிழில் கேட்டதற்குத் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது, அதைச் சொல்லி இன்னொரு கடிதமும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எனக்குப் பிள்ளைகளின் சாப்பாடு முதலில் வேண்டியிருந்தது. மொழிச் சண்டையைத் தள்ளிவைத்தது சரியா என்று இன்னமும் எனக்குள் ஒரு உறுத்தல் உண்டு. டீச்சரும் நானும் உட்கார்ந்து வாசித்தோம். இரண்டாவது பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. முந்தைய வருடம் ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி செலவாகாமல் திரும்பிப் போயிருந்தது. சில முன்பள்ளிகள் மூடிவிட்டன, அவற்றின் பெயர் லிஸ்டிலேயே கிடந்திருக்கிறது. டிசம்பர் 31 வந்தால் செலவாகாத பணம் திறைசேரிக்குத்தான். எங்கள் ஏழு பிள்ளைகளும் மேசையில் தலை வைத்திருந்த அதே மாதங்களில், மூடிக் கிடந்த கதவுகளின் பெயரில் சாப்பாட்டுக் காசு காத்துக் கிடந்திருக்கிறது.

யாரும் திருடவில்லை. அதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் முதலில் வந்த வார்த்தை அதுதான். அந்த மிஸ்ஸுக்கு வாகனம் கிடையாது, முன்பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பார்க்க ஆட்டோக் காசு கையிலிருந்து போகிறது. லிஸ்டைத் திருத்த நேரில் போய்ப் பார்க்கவேண்டும். போகாவிட்டால் பழைய லிஸ்டுதான்.

ஜூலை கடைசியில் மூடிய ஒரு முன்பள்ளியின் இடத்தில் எங்கள் பெயர் ஏறியது. அன்று டீச்சர் பிள்ளைகளுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அடுத்த பாடம். பணம் முன்கூட்டி வராது. தாய்மார் சமைத்து, பில் வைத்து, மாதம் முடிந்து கொடுத்தால் கணக்கில் போடுவார்கள். 23 பிள்ளைகள், தலைக்கு 100 ரூபாய், ஒரு நாளைக்கு 2,300. இருபது நாளைக்கு 46,000. எங்கள் குழுவின் கணக்கில் இருந்தது 1,850 ரூபாய்.

தாத்தா கடன் கொப்பியில் புதிய பக்கம் திறந்து மேலே 'பிள்ளைகள்' என்று எழுதினார். அரசாங்கத்தின் திட்டத்துக்கு எங்கள் தோட்டத்தில் முதல் போட்டது ஒரு பலசரக்குக் கடை. பாராளுமன்றத்தில் இதை யாரும் வாசிக்கவில்லை.

திங்கள் அவித்த பயறு, செவ்வாய் சோறும் பருப்பும் கீரையும், புதன் முட்டை, வியாழன் கடலை, வெள்ளி இலைக்கஞ்சி. முட்டை 35 ரூபாய் விற்ற வாரத்தில் 100 ரூபாய்க்குள் சமாளிக்க, தேங்காயைக் குறைத்தோம். கஞ்சிதான் பெரிய போராட்டம். முதல் வெள்ளிக்கிழமை ஒரு குட்டிப் பயல் கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, "டீச்சர், இதில புல் போட்டிருக்கு" என்று அறிவித்தான். மற்ற 22 பேரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி சேர்த்ததும் அதே பயல் இரண்டாவது கோப்பை கேட்டான்.

செப்டெம்பர் கடைசியில் ஓகஸ்ட் பில்லுக்கான பணம் வந்தது, 1,400 ரூபாய் குறைவாக. இரண்டு பில்லில் கடை முத்திரை சரியாகப் பதியவில்லையாம். தாத்தா அந்த 1,400ஐக் கொப்பியில் வெட்டிவிட்டார், நான் பார்க்காத நேரம் பார்த்து.

டிசம்பரில் மிஸ்ஸைப் பார்க்கப் போனேன், 2026க்கும் பெயர் இருக்கிறதா என்று உறுதிப்படுத்த. இருக்கிறது என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அதே துண்டுக் காகிதத்தின் போட்டோ கொப்பியை எடுத்து நீட்டினார். எல்லாக் கடிதமும் புதுத் திகதியோடு வேண்டுமாம். நான் அங்கேயே உட்கார்ந்து முதல் பக்கத்தை நிரப்பி, பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினேன். மிஸ் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். இந்த வருடம் அவர் தமிழ் வகுப்புக்குப் போகிறாராம்.

"நங்கி," என்றார், "இதில ஒரு 'ள்' இல்லையே?"