கிணற்றடி மாங்கட்டையில் முளைத்த விசிறிகள்

அக்டோபர் 19

சித்திரைக் காற்றில் முறிந்த மாங்கிளையைக் கிணற்றடி ஓரமாகக் கிடத்தியிருந்தோம். நான்கு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, இன்று காலை அதன் பட்டை வெடிப்புகளில் வரிசையாகக் குட்டி விசிறிகள். பெரியதே கட்டைவிரல் அகலம்தான். காம்பு இல்லை, ஒரு பக்கமாகப் பட்டையைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. மேற்புறம் சாம்பல் கலந்த வெள்ளை, ஆட்டுக்குட்டியின் காதைப் போல ரோமம். சிப்பிக் காளானின் குஞ்சாக இருக்கலாம். கிரெபிடோட்டஸ் என்ற காளானோ என்றும் தோன்றுகிறது. அதுவும் பட்ட மரத்தில் இப்படித்தான் காம்பின்றி வரும்.

அக்டோபர் 20

நேற்று இரவு கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு காகிதங்களைச் சேர்த்து ஒட்டி, அவற்றின் மேல் ஒரு விசிறியை அடிப்புறம் கீழாக வைத்து டம்ளரால் மூடியிருந்தேன். காலையில் கறுப்புப் பக்கத்தில் மாவு தூவியது போல வெளிறிய ஸ்போர் படிவு (ஸ்போர் என்பது காளானுக்கு விதை மாதிரி). கிரெபிடோட்டஸ் என்றால் பழுப்பாக விழுந்திருக்க வேண்டும். அது போயிற்று. ஆனால் சிப்பிக் காளானுக்கும் படிவு வெளிறித்தான் இருக்கும் என்பதால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

அக்டோபர் 23

இன்றுதான் பூதக்கண்ணாடியோடு அடிப்புறத்தை நிதானமாகப் பார்த்தேன். விசிறியின் கால்மாட்டிலிருந்து செவுள்கள், அதாவது மெல்லிய தகடு போன்ற மடிப்புகள், கதிராகப் பிரிகின்றன. ஒவ்வொரு செவுளும் அதன் விளிம்பு நெடுகிலும், வகிடு எடுத்தது போல இரண்டாகப் பிளந்திருக்கிறது! ஒன்றில் மட்டும் இருந்தால் கிழிசல் என்று விட்டிருப்பேன். ஏழு விசிறிகளைப் புரட்டினேன், ஏழிலும் அதே வகிடு. சதையும் சிப்பிக் காளானைப் போல மெத்தென்று இல்லை, தோல் வார் போல இழுபடுகிறது.

ஸ்கைசோபில்லம் கம்யூன். ‘பிளந்த இலை’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர். சுவீடன்காரர் எலியாஸ் ஃபிரைஸ் 1815-இல் சூட்டியது. அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் பட்ட மரங்களில் வளர்வது. நமக்கு ஆண், பெண் என்பது போல, இதற்கு 20,000-க்கும் அதிகமான இணைசேரும் வகைகள் உண்டு என்று படித்தபோது, கட்டையின் முன் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 27

மூன்று நாளாக வெயில். விசிறிகள் சுருங்கி, விளிம்பு உள்வாங்கி, முரடாகிவிட்டன. வகிட்டின் இரண்டு பாதிகளும் ஆளுக்கொரு பக்கமாகச் சுருண்டு, ஸ்போர் உண்டாகும் பரப்பைத் தமக்குள் மூடிக்கொண்டிருக்கின்றன. மழையில் பார்த்தபோது மெல்லிய கோடாக இருந்த பிளவு, இப்போது கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. காளானை மேலிருந்து மட்டும் படமெடுத்துப் பெயர் கேட்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: புரட்டுங்கள். ஈரத்தில் ஒரு முறை, காய்ந்த பிறகு ஒரு முறை.

அக்டோபர் 28

“சமைக்கலாமா?” என்று அம்மா கேட்டார். மணிப்பூரில் கங்லாயென் என்று சமைத்து உண்கிறார்கள் என்றேன். “அவர்கள் தலைமுறையாகத் தின்று பழகியவர்கள். நீ புத்தகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவள், வேண்டாம்” என்று முடித்துவிட்டார். அவர் சொல்வதுதான் சரி. அம்மாவுக்கு இளைப்பு உண்டு என்பதால், காய்ந்த விசிறிகளை வீட்டுக்குள் திறந்து வைக்கப்போவதில்லை. அரிதாக, மனிதரின் நுரையீரலிலும் சைனஸிலும் இது வளர்ந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன.

நவம்பர் 9

உறையில் காய்ந்து கிடந்த ஒன்றைத் திண்ணையில் வைத்து, ஈரத்துணியில் பொதிந்தேன். முதலில் ரோமம் நனைந்து படிந்தது. பிறகு விளிம்பு மெல்ல நிமிர்ந்தது. மாலைக்குள் சுருண்ட பாதிகள் நேராகி, மறுபடி ஒற்றைச் செவுள் போல ஒட்டி நின்றன. 1911-இல் உலர்த்தி, காற்று நீக்கிய குழாயில் அடைத்தவைகூட அரை நூற்றாண்டு கழித்து நனைத்ததும் விரிந்தனவாம். கறுப்புக் காகிதத்தில் வைத்து மூடினேன்.

நவம்பர் 10

படிவு விழுந்திருக்கிறது. முதல் தடவையைவிட மெல்லியது. ஆனால் செவுள்களின் கதிர்க் கோடுகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரிகின்றன.