மகனின் முகப்பருவும் வெளுத்துப்போன ஜிப்பாவும்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டு முன்ஹாலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். பள்ளிச் சீருடை, ரவிக்கை, தீபாவளி நெருங்கினால் ஜிப்பா. சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் துணியைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவதில்லை. ஹால் மேசையில் படித்துக்கொண்டிருக்கும் என் மகனைப் பார்த்ததும், "என்னக்கா, தம்பி மூஞ்சி இப்படி ஆயிருச்சு?" என்பார்கள். 2023இல் அவனுக்கு 15 வயது, பள்ளியில் படிவம் மூன்று. வாசலில் மோட்டார் சத்தம் கேட்டால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விடுவான். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கோவிட் முடிந்தும் பள்ளிக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போனதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கை வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. மஞ்சள் போட்டு, மஞ்சள் முகத்தோடு பள்ளிக்குப் போய் வந்தான். எலுமிச்சைச் சாறு எரிந்தது. கூட்டாளி சொன்னான் என்று பற்பசை தடவினான்; தடவிய இடமெல்லாம் தோல் உரிந்தது.

அப்புறம்தான் அந்த டப்பா வந்தது. ஜூன் மாதம் என் நாத்தனார் பசார் மாலாமில், இரவுச் சந்தையில், வாங்கி வந்தார். கட்டைவிரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மஞ்சள் நிறக் களிம்பு, மேலே பூப்படம். விலை 18 வெள்ளி (ரிங்கிட்). ஐந்தே நாளில் சிவப்பு அடங்கியது. இரண்டு வாரத்தில் முகம் பளபளவென்று, நிறம்கூட ஒரு சுற்று வெளுத்த மாதிரி ஆகிவிட்டது. அவன் மறுபடி ஹாலில் உட்கார்ந்து படித்தான். எனக்கு வந்த சந்தோஷத்தில், ரவிக்கை தைக்க வந்த இரண்டு பேரிடம் அவர்கள் பெண்களுக்கும் வாங்கிப் போடச் சொன்னேன். இதை எழுதும்போது இன்னமும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகஸ்டில் இரண்டாவது டப்பா தீர்ந்தது. அந்த வாரம் பார்த்து கடைக்காரர் வரவில்லை. பத்து நாள்கூட ஆகவில்லை, முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. நெற்றி, கன்னம், தாடை எங்கும் ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பரு. அடுப்புப் பக்கம் வந்தாலே "எரியுதும்மா" என்பான்.

கிளினிக் போகலாம் என்றதற்கு என் வீட்டுக்காரர், "பருவுக்கெல்லாமா கிளினிக்? எனக்கும்தான் வந்துச்சு, தானா போயிருச்சு" என்றார். போய்விட்டது என்று சொன்னவரின் இரண்டு கன்னத்திலும் குழிகள். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். மறுநாள் அவரே காரை எடுத்தார்.

அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் கட்டணம் ஒரு வெள்ளிதான். காத்திருந்தது என்னவோ அரை நாள். டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். ஜெராவாட், அதாவது பரு, எத்தனை மாதமாக, வீட்டில் வேறு யாருக்காவது தழும்பு உண்டா, முகத்தில் என்னவெல்லாம் போட்டீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்காகவே ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தேன். சோப்பு, உரசிக் கழுவும் ஸ்கிரப், தலைக்கு வைக்கும் எண்ணெய், காலி டப்பா. அவர் டப்பாவை மட்டும் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பர் எங்கே?" என்றார்.

மலேசியாவில் விற்கும் முகக்களிம்புகளுக்கு, மருந்துகளைக் கண்காணிக்கும் என்.பி.ஆர்.ஏ.யிடம் அறிவித்துப் பெற்ற எண் இருக்க வேண்டும். என்-ஓ-டி (NOT) என்ற எழுத்துகளில் தொடங்கும். பதிவு பெற்ற மருந்தென்றால் எம்-ஏ-எல் (MAL). அவர்களுடைய இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எண் இருந்துவிட்டால் மட்டும் போதாது என்றும் அவர் சொன்னார். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு என்று சோதனையில் சிக்கி, அறிவிப்பு ரத்தான களிம்புகளும் உண்டாம். எங்கள் டப்பாவில் எண்ணும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. உள்ளே இருந்தது ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்றார். ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கிவிடும், அதனால் குணமான மாதிரித் தெரியும். துளைக்குள் எண்ணெயும் செத்த தோலும் அடைத்துக்கொண்டிருப்பது அப்படியேதான் இருக்கும். தோல் மெலிந்துபோகும், நிறுத்தியதும் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து கிளம்பும். இன்னும் சில வாரம் மோசமாகத்தான் இருக்கும், பயந்து மறுபடி அந்த டப்பாவைத் தேடிப் போகாதீர்கள் என்றார். அன்று சாயந்திரமே அந்த இரண்டு பேருக்கும் போன் போட்டேன். ஒருவர் இன்னும் வாங்கியிருக்கவில்லை. இன்னொருவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கொடுத்த மருந்து இரண்டுதான். பென்சாயில் பெராக்சைடு ஜெல், முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில். கூடவே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, மூன்று மாதத்துக்கு. மாத்திரையை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும், ஜெல்லும் போட்டால் அந்த ஆபத்து குறைவு என்று விளக்கினார். முகத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை மென்மையான திரவ சோப்பால் கழுவினால் போதும். ஸ்கிரப் வேண்டாம். "ஜாங்கான் பிச்சிட்!" என்று அவன் விரலைப் பார்த்துச் சொன்னார், பிதுக்காதே என்று.

டாக்சிசைக்ளினில் ஒரு பாடம் கிடைத்தது. மூன்றாம் நாள் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே படுத்துவிட்டான். நடு ராத்திரியில் நெஞ்சுக்குள் எரிகிறது என்று எழுப்பினான். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். கிளாஸ் நிறையத் தண்ணீர், அப்புறம் அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும் என்று கவரிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. பாலோடு சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் சரியாக ஏறாது என்பதால் பாலில் கலக்கிக் குடிக்கும் மைலோவும் வேறு நேரத்துக்குத் தள்ளிப்போனது. வெயிலும் அந்த மாத்திரைக்கு ஆகாது, தோல் சீக்கிரம் கருகும். மூன்று மணிக்குப் பந்து விளையாடப் போகிறவனை ஐந்தரைக்குப் போக வைத்தது தனிக் கதை.

இனி ஜிப்பா. தீபாவளிக்கு அவனுக்குக் கருநீலப் பருத்தித் துணி எடுத்து, நிமிர்ந்த காலர் வைத்துத் தைத்திருந்தேன். அக்டோபரில் ஒரு ராத்திரி போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டான், கழற்றினான், மடித்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பொத்தான் வைக்க எடுத்தால், காலரின் உள்பக்கமும் முன்கழுத்தும் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கின்றன. சாயம் மட்டமென்று ஈப்போ துணிக்கடைக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். பாவம், அந்த அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் படுக்கையைத் தட்டும்போதுதான் கவனித்தேன், தலையணை உறையிலும் அதே திட்டு, அவன் கன்னம் படுகிற இடத்தில். துண்டிலும். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுத்துவிடுமாம். இருபது வருடமாகத் துணியோடு இருக்கிற எனக்கு அது தெரியவில்லை. அன்றைக்கே வீட்டில் கிடந்த வெள்ளைத் துணியில் நாலு தலையணை உறை தைத்தேன். துண்டும் வெள்ளைக்கு மாறியது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரிடமே ஜரிகைப் பட்டை வாங்கி ஜிப்பா காலரில் வைத்துத் தைத்தேன்.

அக்டோபர் கடைசியில் எரிச்சல் நன்றாக அடங்கியிருந்தது. டாக்டர் இரவுக்கு அடாபலீன் 0.1% ஜெல்லைச் சேர்த்து, பெராக்சைடைக் காலைக்கு மாற்றினார். முகம் முழுவதற்கும் சேர்த்தே ஒரு பச்சைப் பட்டாணி அளவுதான். பரு மேல் மட்டும் பொட்டு வைக்கிற மாதிரி வைக்கக் கூடாது, இனி வரப்போகிற பருவுக்கும் சேர்த்துத்தான் இந்த மருந்து. கழுவிய முகம் நன்றாகக் காய்ந்த பிறகு தடவ வேண்டும். அதிகம் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்து அவன் ஒரு நாள் தாராளமாகப் பூச, மூக்கோரம் இரண்டு நாள் உரிந்தது.

இரண்டு வாரத்தில் பரு கூடியது. சரியாக நவம்பர் 12, தீபாவளி. ஜரிகைக் காலர் ஜிப்பா போட்டான், புகைப்படத்துக்கு மட்டும் வரவில்லை. அன்று ராத்திரி போனில் கடுமையான பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை இணையத்தில் விற்பதைக் காட்டி, "இதை வாங்குவோம்மா" என்றான். நான் ஆடிப்போனேன், ஆனால் இந்தத் தடவை கேட்காமல் எதையும் வாங்குவதாக இல்லை. அது தோல் நிபுணர் ரத்தம் சோதித்து, கல்லீரலையும் கொழுப்பையும் பார்த்துக் கொடுக்கிற மருந்து என்றும், கர்ப்பமானவர்கள் சாப்பிட்டால் குழந்தைக்கே ஊனம் வரும் என்றும் டாக்டர் சொன்னார். குழி விழ ஆரம்பித்தால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருகிறேன், இப்போது பன்னிரண்டு வாரம் பொறு என்றார்.

அந்தப் பன்னிரண்டு வாரத்தில் மருந்தைவிடச் சிரமம் மனுஷர்கள்தான். என் மாமியார் சனிக்கிழமை தோறும் தலை நனைய எண்ணெய் வைப்பார். நெற்றியில் முடி தொடங்கும் இடமெல்லாம் பரு. எண்ணெயே கூடாது என்றால் வீட்டில் யுத்தம். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, ஷாம்பு போட்டு அலசிவிடலாம், நெற்றிக்கு இறங்கக் கூடாது என்று சமரசம் ஆனது. வாடிக்கையாளர்கள் வாயைத் திறந்தால், "மருந்து போடறான், மூணு மாசம் ஆகும், வாங்க அளவெடுப்போம்" என்று டேப்பை எடுத்துவிடுவேன். நாலைந்து தடவைக்கு மேல் யாரும் கேட்கவில்லை.

டிசம்பரில் மாத்திரை நின்றது, ஜெல் தொடர்ந்தது. ஜனவரி கடைசியில் புதிதாக வருவது வாரத்துக்கு ஒன்று, இரண்டாகக் குறைந்தது. கரும்புள்ளிகள் மட்டும் போகவில்லை. நம் நிறத்துக்குப் பரு போன பிறகும் அவை மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். எண்ணெய்ப் பசை இல்லாத எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் ஒன்றை பார்மசியில் வாங்கினோம், இந்த நாலைந்து வருடத்தில் நான் அவனுக்கு வாங்கியதிலேயே விலை கூடிய முகச்சாமான் அதுதான். ஆண்டு நடுவில் புள்ளிகள் நன்றாக மங்கிவிட்டன. இடது கன்னத்தில் இரண்டு சின்னக் குழி இருக்கிறது, அவை அவன் பிதுக்கியவை.

இப்போது படிவம் நான்கு. பரீட்சை வாரத்தில் தாடையில் ஒன்றிரண்டு வருகிறது. அடாபலீன் மட்டும் தொடர்கிறது. போன வாரம் ஜெல் தீர்ந்துவிட்டது. நான் மெஷினை மூடிவிட்டுக் கிளம்பி வருவதற்குள், கிளினிக்கில் வரிசை நம்பர் எடுத்து வைக்கிறேன் என்று சைக்கிளில் முன்னாலேயே போய்விட்டான்.