கதவு திறந்த நேரம்தான் கணக்கு

அம்மாவுக்கும் எனக்குமாக 1,200 யூரோ ஒரு விமான நிறுவனத்திடமிருந்து என் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது. டிக்கெட் பணம் திரும்ப வரவில்லை; அது அவர்களிடமே இருக்கிறது, நாங்களும் பயணம் செய்துதான் முடித்தோம். இது தாமதத்துக்கான இழப்பீடு. கேட்டால் கிடைக்கும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கேட்கிறவரைச் சோர்ந்து போகவைக்கும் பதில்களும் வரும். அந்தப் பதில்களுக்கு என்ன மறுமொழி எழுதுவது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் தம்பி வீட்டிலிருந்து திரும்பினோம். ஃபிராங்க்பர்ட்டில் ஏறி, வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி, ஊருக்கு வரவேண்டும். இரண்டு பயணமும் ஒரே முன்பதிவில், ஒரே நிறுவனத்தில். ஃபிராங்க்பர்ட்டில் எல்லாரும் ஏறி அமர்ந்த பிறகு, ஹைட்ராலிக் பம்ப் ஒன்றில் கோளாறு என்று விமானி அறிவித்தார். கிளம்ப இரண்டு மணி நேரம் தாமதம். வளைகுடாவில் இறங்கியபோது எங்கள் அடுத்த விமானம் போய்விட்டிருந்தது. அதற்கடுத்த விமானத்தில் இடம் தந்தார்கள். ஊரில் இறங்கியபோது பத்து மணி நேரத்துக்கு மேல் தாமதம். அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது, மூட்டு வலி வேறு. இரவு முழுவதும் சக்கர நாற்காலியிலேயே கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். வீங்கிப்போன கணுக்காலை நான் பிடித்துவிடும்போதெல்லாம் "போனது போகட்டும், விடு" என்பதுதான் அவர் பேச்சு. எனக்கு விட மனமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் ஒழுங்குமுறை 2005 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்துக்குள் இருக்கும் விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் அது பொருந்தும். பயணி எந்த நாட்டுக் குடிமகன் என்று அது பார்ப்பதில்லை. தொகையைத் தீர்மானிப்பது தூரம்: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, ஒன்றியத்துக்கு வெளியே செல்லும் பயணமானால் 3,500 வரை 400, அதற்கு மேல் 600. நீங்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சலுகை விலையில் வாங்கியவருக்கும் அதே 600 யூரோதான். நெடுந்தூரப் பயணத்தில் தாமதம் மூன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அடங்கினால் மட்டும் பாதியாகக் குறைக்கலாம்.

தாமதத்துக்கு இழப்பீடு உண்டு என்று அந்த ஒழுங்குமுறை நேரடியாகச் சொல்லவில்லை. விமானம் ரத்தானால் உண்டு என்றுதான் அதில் இருந்தது. 2009 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம்தான், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்கிறவரின் இழப்பும் ரத்தான விமானத்தின் பயணியுடைய இழப்பும் ஒன்றே என்று தீர்ப்பளித்தது. டொராண்டோவிலிருந்து ஃபிராங்க்பர்ட்டுக்கு 25 மணி நேரம் தாமதமாக வந்துசேர்ந்த ஒரு குடும்பம் அந்த வழக்கைத் தொடுத்திருந்தது. இன்று நாம் கேட்டு வாங்கும் ஒவ்வொரு யூரோவுக்கும் பின்னால் அவர்களுடைய பிடிவாதம் இருக்கிறது. எனக்கு அவர்கள்மேல் உண்மையான மரியாதை உண்டு.

முதல் கடிதத்தைச் சுருக்கமாகவே எழுதினேன். முன்பதிவு எண், இரண்டு விமான எண்கள், நாள், சேரவேண்டிய நேரம், சேர்ந்த நேரம், ஒழுங்குமுறையின் எண், ஆளுக்கு 600 யூரோ, வங்கிக் கணக்கு விவரம், பதிலுக்கு ஒரு கெடு. அம்மா பட்ட பாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அது எழுதப்படவேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் கடிதத்தைப் படிக்கிறவருக்கு நேரமும் காரணமும் மட்டுமே வேலைக்கு ஆகும். மற்றதைச் சேர்த்தால் "தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று அதற்கு மட்டும் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

முதலில் வந்தது வவுச்சர். அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாமாம். ஒழுங்குமுறையின் ஏழாவது பிரிவு, ரொக்கமாகவோ வங்கி வழியாகவோ காசோலையாகவோ தரவேண்டும் என்கிறது. வவுச்சர் தருவதற்குப் பயணியின் கையொப்பமிட்ட ஒப்புதல் தேவை. எனவே வந்த மின்னஞ்சலில் "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அடுத்த பதில்தான் பலரை நிறுத்திவிடும் பதில். "உங்கள் முதல் விமானம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே தாமதமானது, ஆகவே இழப்பீடு பொருந்தாது." படித்தால் நியாயம்போலத் தோன்றும். ஆனால் கணக்கு தொடங்கும் இடமே தவறு. 2013 பிப்ரவரியில் அதே ஐரோப்பிய நீதிமன்றத்தில் முடிந்த சி-11/11 எண் வழக்கில் பிரேமனிலிருந்து பாரிஸ், சாவோ பாலோ வழியாகப் பராகுவேயின் அசுன்சியோனுக்குச் சென்ற பயணிக்கு நேர்ந்ததும் இதேதான். பிரேமனில் தாமதம் சுமார் இரண்டரை மணி நேரம். இணைப்பு விமானங்கள் கைவிட்டுப்போய், அசுன்சியோனில் இறங்கியபோது பதினொரு மணி நேரம். இறுதியாகச் சேரும் இடத்தில் ஏற்பட்ட தாமதத்தையே பார்க்கவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு எண்ணையும் அந்த ஒரு வாக்கியத்தையும் எழுதி அனுப்பினேன். அதன் பிறகு அந்த வாதத்தை அவர்கள் எடுக்கவே இல்லை. இரண்டு பயணமும் ஒரே முன்பதிவில் இருந்ததால்தான் இது செல்லுபடியானது. தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகளுக்கு இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது.

சேர்ந்த நேரம் என்றால் எந்த நேரம் என்பதிலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன் வந்த ஒரு விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். ஒரு கதவாவது திறக்கப்பட்டு, பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வரும் நேரமே வந்துசேர்ந்த நேரம் என்று 2014இல் முடிவானது. பூட்டிய கதவுக்குள் பயணிக்குத் தன் நேரத்தின்மேல் எந்த உரிமையும் இல்லை என்பதை ஒரு நீதிமன்றம் இவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறதே என்று படித்தபோது நெகிழ்ந்துபோனேன். விமானம் நின்று கதவு திறக்கும்போது கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நேரம் அதில் பதிவாகிவிடும்.

கடைசி அரண், "அசாதாரண சூழ்நிலை". எல்லா நியாயமான நடவடிக்கைகளையும் எடுத்தும் தவிர்க்கமுடியாத காரணமாக இருந்தால் நிறுவனம் இழப்பீடு தரவேண்டியதில்லை. கடும் வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் தடை, பறவை மோதல் எல்லாம் இதில் அடங்கக்கூடும். இயந்திரக் கோளாறு பொதுவாக அடங்காது. விமானத்தைப் பராமரிப்பது நிறுவனத்தின் அன்றாட வேலை. அதில் தெரியவரும் பழுது அசாதாரணம் அல்ல என்பது 2008இலேயே சி-549/07 வழக்கில் தீர்ந்துவிட்டது. சொந்த ஊழியர்கள் ஊதியம் கேட்டுச் செய்யும் வேலைநிறுத்தமும் அசாதாரணம் ஆகாது என்று 2021இல் தீர்ப்பு வந்தது. காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது, நம்முடையதல்ல. விமானி சொன்ன காரணத்தை நான் அப்போதே கைப்பேசியில் குறித்து வைத்திருந்தேன். கவுண்டரிலும் காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தேன். அந்தச் சிறிய தாளை இணைத்த பிறகு அவர்களுடைய சொற்கள் சுருங்கிவிட்டன.

உண்மையிலேயே அசாதாரணமான காரணமாக இருந்தாலும் உணவு, தங்குமிடம், தங்குமிடத்துக்குப் போய்வரும் வசதி ஆகியவற்றிலிருந்து நிறுவனத்துக்கு விலக்கு இல்லை. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானமே மூடிக்கிடந்த நாட்களுக்கும் இந்தக் கடமை இருந்தது என்று பின்னர் நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே நீங்களே செலவு செய்ய நேர்ந்தால் ரசீதுகளைத் தூக்கிப்போடாதீர்கள்.

எழுதிக்கொண்டே இருந்தும் பணம் வராததால், ஜெர்மனியின் பயணப் போக்குவரத்துச் சமரச மையத்துக்கு விண்ணப்பித்தேன். நிறுவனத்திடம் கேட்டு இரண்டு மாதம் காத்திருந்த பிறகுதான் அங்கே போகமுடியும். பயணிக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். ஆவணங்களைப் பதிவேற்றினால் போதும். அவர்களுடைய பரிந்துரை கிடைத்ததும் நிறுவனம் முழுத்தொகையையும் ஒப்புக்கொண்டது. இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லும் தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால் வெற்றி கிடைத்தால் தொகையில் நல்ல பங்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நேரமே இல்லாதவருக்கு அது வழி. நாலு கடிதம் எழுதத் தெரிந்தவர் அந்தப் பங்கை இழக்கவேண்டியதில்லை.

மனத்தை உறுத்தும் ஒன்றும் இருக்கிறது. இதே நிறுவனத்தில் இந்தியாவிலிருந்து ஃபிராங்க்பர்ட்டுக்குப் போகும்போது இந்தத் தாமதம் நேர்ந்திருந்தால் இந்த 600 யூரோ கிடையாது. வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் பயணத்தில், ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் ஒழுங்குமுறை பொருந்தும். இந்திய விதிகள் தாமதத்துக்கு உணவும், ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்று விமானமோ பணத்தைத் திரும்பப் பெறுவதோ என்ற தேர்வும் தருகின்றன. நிலையான இழப்பீட்டுத் தொகை எதையும் தருவதில்லை. அங்கே மிஞ்சுவது, பன்னாட்டு விமானப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கை. தாமதத்தால் உண்மையில் நேர்ந்த இழப்பைக் காட்டி, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். இழப்பை ரசீதோடு காட்டமுடியாதவர், சக்கர நாற்காலியில் ஓர் இரவைக் கழித்தவர், என்ன காட்டுவார்? நம் நாட்டிலும் பயணியின் நேரத்துக்கு ஒரு விலை எழுதப்படவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஜெர்மனியிலிருந்து புறப்பட்ட விமானத்துக்கு, அந்த ஆண்டு முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் கோரிக்கைக்குக் காலம் உண்டு. அன்று வளைகுடாவில் எங்களோடு வரிசையில் நின்ற பலர் கைக்குழந்தைகளோடு வந்தவர்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், 2027 டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது. விமானியின் அறிவிப்பைக் குறித்துவைத்த குறிப்பும் கவுண்டரில் வாங்கிய தாளும் என்னிடம் இருக்கின்றன. எழுதிக் கேட்டால் அனுப்புகிறேன்.